நவம்பர் பதினைந்து வரை

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் மாடியில் இருந்த நகைக்கடைக்காரர்கள் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி டைரிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க அச்சடித்தவை. கொடுக்க ஆள் வரவில்லை. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். ஜனவரியிலிருந்து வெள்ளையாகக் கிடக்கிறது. பாதி வருடம் போனால் போகட்டும், இன்றிலிருந்து எழுதுகிறேன்.

மருதம் மாலில் எனக்கு இது ஒன்பதாவது வருடம். பதவியின் பெயர் கஸ்டமர் கேர். எஸ்கலேட்டர் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக். அறுபத்திரண்டு கடைகள் இருந்தன. இன்று பதினேழு. மூடிய கடைகளின் கண்ணாடியில் 'விரைவில் திறக்கப்படும்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஒட்டியவள் நான்தான். வாரம் ஒருமுறை தூசி தட்டுவதும் நான்தான்.

என் வீட்டுக்காரர் தண்டபாணி பார்சல் டெலிவரி செய்கிறார். ஜனங்கள் போனில் ஆர்டர் போடுவதைப் பைக்கில் கொண்டுபோய் வீட்டு வாசலில் கொடுக்கிற வேலை. "உங்க மாலுக்குப் பூட்டுப் போடறதே நாந்தான் கோகிலா" என்று கிண்டல் அடிப்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். இரண்டு சம்பளமும் ஒரே வீட்டுக்கு வருவதால் நானும் சிரிப்பேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மேனேஜர் ஜெகதீசன் சார் காலையிலேயே மேஜைக்கு வந்தார். "கோகிலவாணி, பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டி வருது. கடை பாக்க. கொஞ்சம் சவுண்டு குடுங்க" என்றார்.

சவுண்டு என்றால் எங்களுக்குப் புரியும். யாராவது கடை பார்க்க வரும் நாளில் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுச் சொந்தச் சேலையில், கையில் காகிதப் பையோடு நடப்பார்கள். பைக்குள் பழைய செய்தித்தாள். நான் மைக்கில் கூட்டத்தை உண்டாக்க வேண்டும். "பேஸ்மென்ட் இரண்டில் வெள்ளை நிறக் கார் நிறுத்தியிருப்பவர் உடனே வண்டியை நகர்த்தவும், பின்னால் வண்டிகள் காத்திருக்கின்றன." பேஸ்மென்ட் இரண்டை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. "நீலச் சட்டை அணிந்த மூன்று வயதுக் குழந்தை தன் பெற்றோரைத் தேடுகிறது." இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. குழந்தை தொலைகிற அளவுக்குக் கூட்டம் என்று கேட்பவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

வந்த பார்ட்டி ஒரே ஒரு அம்மா. வசந்தாமணி என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். கணவர் பஞ்சாலையில் வேலை செய்து இறந்துவிட்டார். இருபது வருடமாக வீட்டிலேயே குழந்தைகளுக்கு கவுன் தைத்து விற்கிறாராம். கணவர் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுவிட்டார். கண்ணாடிக் கதவு வைத்த, ஏசி போட்ட கடை வேண்டுமாம். எஸ்கலேட்டர் முன்னால் நின்று கால் வைக்கத் தயங்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

நீலச் சட்டைக் குழந்தையை அறிவித்தபோது அந்த அம்மா திரும்பி வந்து என் மேஜையை எட்டிப் பார்த்தார். "கொழந்த எங்கீங்க? அழுவுதா?" என்று கேட்டார். அவுங்கம்மா வந்து கூட்டிப் போயிட்டாங்க என்றேன். "நல்லவேளை சாமி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, சனி

வசந்தாமணி அக்கா அக்ரிமென்ட் போட்டுவிட்டார். முதல் மாடி, எஸ்கலேட்டருக்கு எதிர்க் கடை. அவராகவே ஒரு நிபந்தனை கேட்டு வாங்கினார். மூன்று மாதம் பார்ப்பார். பிடிக்காவிட்டால் நவம்பர் பதினைந்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம், அட்வான்ஸ் முழுசாகத் திரும்பும். அந்தத் தேதி தாண்டினால் மூன்று வருடத்துக்கு நகர முடியாது. நடுவில் கட்டடம் கைமாறினால் அட்வான்ஸுக்குப் பழைய ஓனர் பொறுப்பில்லை என்ற வரியை சார் சேர்த்தார். அக்கா அதைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு என்று சார் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். இலக்கியா மைசூர்பாகை எல்லாம் தின்றுவிட்டாள். எட்டு வயதுப் பெண் சாப்பிடாமல் யார் சாப்பிடுவது.

செப்டம்பர் 3, புதன்

கடை திறப்பு. பால் காய்ச்ச ஸ்டவ் அனுமதி இல்லை என்று சொன்னதும் அக்கா வீட்டிலிருந்தே காய்ச்சிக் கேனில் கொண்டுவந்தார். வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் ஒரு டம்ளர். உள்ளே கவுன்களை நிறம் பார்த்து வரிசையாக மாட்டியிருக்கிறார். பட்டன் ஒவ்வொன்றும் கையால் தைத்தது. அழகாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

மதியம் அக்கா கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை போகிறேன். அங்கே சாப்பிட்டால் அக்கா ஊறுகாய் தருவார்.

ஒரு தம்பதி பெண் குழந்தையோடு வந்தார்கள். ஆறு கவுன் போட்டுப் பார்த்தார்கள். முன்னால், பின்னால், உட்கார்ந்து, சுற்றி. அளவு எது சரி என்று கண்டுபிடித்தார்கள். மனைவி கவுனையும் கழுத்துப் பட்டையில் இருந்த அளவையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். கணவன் வெளியே நின்று போனில் தேடினான். பிறகு வந்து "அப்பறம் வர்றோம்ங்க" என்றான்.

அக்கா கவுன்களை மடித்தபடி சொன்னார்: "போட்டா எடுத்துட்டுப் போயிருக்குது பாரு. மாமியாருகிட்ட காட்டிக் கேட்டுட்டு வருமாட்டருக்குது."

ஆமாங்கக்கா என்றேன். அந்தக் கூட்டம் எதற்குப் போட்டோ எடுக்கிறது என்று எனக்குத் தெரியாதா. மால் பூராவும் இப்போது அளவு பார்க்கிற இடம்தான். செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, நடக்கும்போதே போனில் ஆர்டர் போடுகிறார்கள். சொன்னால் அக்கா மனசு உடைந்துவிடும். சொல்லவில்லை.

செப்டம்பர் 27, சனி

தீபாவளிக்கு இலக்கியாவுக்குப் பாவாடை சட்டை போனில் ஆர்டர் போட்டேன். அக்கா கடையில் வாங்கியிருக்கலாம். பாதி விலையில் கிடைக்கும்போது என்ன செய்வது. டெலிவரி கொண்டுவந்தது என் வீட்டுக்காரரேதான். காலிங் பெல்லை அடித்து, "மேடம், ஓடிபி சொல்லுங்க" என்றார். இலக்கியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

சார் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

மருதம் மாலை விற்றாகிவிட்டது. ஒரு பார்சல் கம்பெனிக்கு. சுவர்களை எல்லாம் இடித்துவிட்டுக் குடோன் ஆக்கப் போகிறார்கள். நவம்பர் கடைசியில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் நோட்டீஸ். மற்றவர்களின் அட்வான்ஸ் எல்லாம் வாடகைப் பாக்கியில் எப்போதோ கழிந்துவிட்டது. முழு அட்வான்ஸ் நிற்பது வசந்தாமணி அக்காவுக்கு மட்டும்தான்.

"நவம்பர் பதினஞ்சாம் தேதி தாண்டட்டும், அப்பறம் அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டியதில்ல. அதுவரைக்கும் வெளிய வாயத் தெறக்கக் கூடாது. அந்தம்மா உங்ககிட்டதான் ஒட்டுது, அதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றார். பிறகு, "புது கம்பெனில உங்களுக்கு ஆபீஸ் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இங்க வாங்கறதவிட ஜாஸ்தி" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அக்காவிடம் சொல்லிவிடத்தான் போகிறேன். இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

மழையில் பைக் வழுக்கி வீட்டுக்காரருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. கம்பெனிக்குப் போன் செய்தால், வண்டி ஓட்டுகிற நாளுக்குத்தான் காசு, ஓட்டாத நாளுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

இப்போதைக்கு என் வேலை ஒன்றுதான்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. ஒரு காலத்தில் இன்றைக்கு மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. நிஜமாகவே குழந்தைகள் தொலைவார்கள். இன்று வந்தவர்கள் பெரும்பாலும் ஏசிக்கும் பாத்ரூமுக்கும் வந்தவர்கள்.

அக்கா கடையில் மூன்று கவுன் விற்றது. சாயங்காலம் என் மேஜைக்கு வந்து ஒரு பையை வைத்தார். மாம்பழக் கலரில் கவுன், கழுத்தைச் சுற்றி எம்பிராய்டரி. "இலக்கியாவுக்குத் தச்சது கண்ணு. அளவு கண்ணுலயே எடுத்துட்டேன். காசு கீசுன்னு பேசாத."

அப்போதே சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். "அக்கா, இந்த மால்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர், "உன்ற ஊட்டுக்காரருக்குக் கால் எப்பிடி இருக்குது? கொள்ளு ரசம் வெச்சுக் குடு" என்று பேச்சை எடுத்துக்கொண்டார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இலக்கியா அக்கா கொடுத்த கவுனைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தாள். போட்டுக்கொண்டாள். மிகப் பொருத்தம். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஈரத்தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்று அவளைத் தேவையில்லாமல் அடித்துவிட்டேன். அவர் கட்டிலில் இருந்தபடியே "உனக்கு என்னாச்சு?" என்றார். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று எழுந்துபோய்விட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

ஒரு யோசனை தோன்றியது. பதினான்காம் தேதி குழந்தைகள் தினம். மாலில் மாறுவேடப் போட்டி வைக்கலாம். மேடையை அக்கா கடை வாசலில் போட்டால் அவருக்குக் கொஞ்சம் விற்கும். அவருக்கு என்னால் செய்ய முடிந்தது இதுதான். சார் உடனே சரி என்றார். இவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சரி என்று சொல்லிப் பார்த்ததில்லை.

நவம்பர் 10, திங்கள்

இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

மதியம் சாப்பிடும்போது அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். காலி செய்கிறேன் என்று எழுதிய கடிதம். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி டைப் அடித்து வாங்கியிருக்கிறார். "எனக்கு இது சரிப்பட்டு வராதாட்டருக்குது அம்மணி. சனங்க வருது, தொட்டுப் பாக்குது, போயிருது. ஊட்டுலயே தச்சுக்கறேன். போட்டித் துணியெல்லாம் தச்சு வெச்சுட்டேன், அத முடிச்சுக் குடுத்துட்டு பதினஞ்சாந் தேதி காலைல மேனேசருகிட்ட குடுத்தர்றேன். நீ மனசு வருத்தப்படாத."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல முடிவுங்கக்கா என்றேன். பிடித்த கையை விட மனசே வரவில்லை. நான் எதுவும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிட்டது. மீந்த தயிர்சாதத்தையும் நானே சாப்பிட்டேன்.

போட்டியை ரத்து செய்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பள்ளிகளுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. குழந்தைகள் ஏமாந்து போகும்.

நவம்பர் 14, வெள்ளி

நானூறு குழந்தைகள். கூட அம்மா, அப்பா, அத்தை, சித்தி. எஸ்கலேட்டர் சூடேறி இரண்டு முறை நின்றது. பொய்யாக ஒரு வார்த்தை கூட நான் மைக்கில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குரல் கட்டிப்போகும்வரை பேசினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்பது வருடத்துக்கு முந்தின மால் ஒரு சாயங்காலத்துக்குத் திரும்பி வந்தது.

அக்கா தைத்த உடைகளில் பதினைந்து குழந்தைகள் மேடை ஏறின. கட்டபொம்மன், தேனீ, மயில், டிராபிக் போலீஸ். மயிலுக்கு முதல் பரிசு. எல்லோரும் அந்த உடையைத் தொட்டுப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், "எங்க தச்சது?" என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் கடையைக் காட்டினார். ஏழு மணிக்கு முடிந்தது. ஏழரைக்கு மாலில் ஆள் இல்லை. கடையில் விற்றது ஒரு ஜோடி சாக்ஸ்.

விளக்கு அணைக்கிற நேரத்தில் அக்கா வந்தார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. "அம்மணி, நா பாட்டுக்கு அவசரப்பட்டுட்டேன் பாரு. கூட்டம் இருக்குது. நாமதான் கூப்புடத் தெரியாம ஒக்காந்துட்டு இருந்திருக்கறோம். அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டேன். மூணு வருசம் இருந்து பாத்துர்றேன். எல்லாம் உன்னாலதான்."

நான் மைக்கை அணைத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். 

நவம்பர் 15, சனி

காலை எட்டரைக்கே போய்விட்டேன். சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அக்கா பத்து மணிக்கு வந்தார். கடை வாசலில் கோலம் ஸ்டிக்கர் ஒட்ட உதவி செய்தேன். பிறகு எலக்ட்ரீசியன் வந்தார். பன்னிரண்டுக்கு சார் மேஜைப் பக்கம் வந்து நின்றார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஒரு வாரம் ஆகுமாம், பள்ளியில் வேன் பணம் கேட்கிறார்களாம். இரண்டு மணிக்கு அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன். ஓமத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். குடித்தேன்.

நாலு மணி. சார் ரூம் ஆறு மணி வரை திறந்திருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அக்காவுக்கு எழுத்து நன்றாக வரும்.

ஐந்து மணி. அக்காவுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். நடுவில் போய்ப் பேசுவது சரியில்லை.

ஆறு மணிக்கு சார் ரூமைப் பூட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். வீடு கழுவினேன்.

நவம்பர் 21, வெள்ளி

புது கம்பெனியிலிருந்து ஆள் வந்து பேர் எழுதிக்கொண்டார்கள். ஆபீஸ் வேலை எதுவும் இங்கே இல்லை, எல்லாம் பெங்களூரில்தான் என்றார் அந்தப் பையன். இங்கே மூட்டை தூக்க, பிரிக்க முப்பது வயதுக்குள் ஆள் வேண்டுமாம். எனக்கு நாற்பத்தொன்று. சாரிடம் கேட்டேன். "நான் சொல்லி வெச்சேன், அவங்க எடுக்கலைன்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவருக்கு ஈரோட்டில் வேறு மாலில் வேலை கிடைத்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

நோட்டீஸ் ஒட்டினோம். பதினெட்டுக் கடைக்கும். அக்கா கடைக்கு மட்டும் வாட்ச்மேனைப் போகச் சொன்னேன். டிசம்பர் பத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

நாள் முழுக்க நான் பாத்ரூம் பக்கமும் ஸ்டோர் ரூம் பக்கமும்தான் இருந்தேன். அக்கா கடையில் விளக்கு எரிந்தது. யாரோ வக்கீல் பேர் சொன்னார்கள் என்று இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

நவம்பர் 25, செவ்வாய்

மேஜையில் இருந்தேன். அக்கா நேராக என்னிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வக்கீலப் பாத்தேன் அம்மணி. அக்ரிமென்ட்ல எழுதிட்டாங்களாமா, பதினஞ்சாந் தேதிக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதாமா. போச்சு. அவரு வாங்குன எடம், அவரோடயே போச்சுன்னு நெனைச்சுக்க வேண்டியதுதான்."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரியெல்லாம் எனக்கு உன்ற நெனப்புதான். ஒம்போது வருசம் இந்த மைக்கு முன்னால ஒக்காந்தவ. உன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம வித்துப்போட்டானுவ பாரு. ஊட்டுக்காரரு வேற காலு முறிஞ்சு கெடக்குறாரு. உனக்கும் தெரியாதுதான கண்ணு?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். ஒரு நொடி எனக்குக் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா, யோசிக்க முடியவில்லை.

"தெரியாதுங்கக்கா" என்றேன்.

அழுகை வந்துவிட்டது. எதற்கு வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். எழுந்து வந்து என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழுவாத. நா ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்தேன். சூலூருல என்ற கொழுந்தனாருக்குத் தெரிஞ்ச கார்மென்ட்ஸ் கம்பெனி. நா தையல் மெசினுக்குச் சேந்துக்கறேன்னு சொல்லிட்டேன். உனக்கும் செக்கிங்ல ஒரு எடம் கேட்டேன். வரச் சொல்லுன்னுட்டாங்க. ஒண்ணாந் தேதி காலைல எட்டு மணிக்கு இருக்கோணும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேன் பணம் இன்னும் கட்டவில்லை.

தினமும் ஒரே பஸ்ஸில் போய் வரலாம், பேச்சுத் துணைக்கு நீ இருந்தால் எனக்கும் மனசு கொஞ்சம் ஆறும் என்றார் அக்கா. எனக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைப்பாராம்.

சரிங்கக்கா என்றேன்.